இருமிக் காட்டச் சொன்னார்கள்

1
இந்தக் கதை ஒரு படத்திலிருந்து பிறந்தது. மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருந்த இடுப்பெலும்புப் படம். அடியில் தூளிபோல் தொங்கும் தசைகளை வாய்பிளந்து பார்த்தேன். மூத்திரப்பையைத் தாங்குவது அவைதான். இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிறு மேலிருந்து அழுத்தும். அந்த நொடியில் தசைகள் இறுகி வழியை அடைக்க வேண்டும். பிள்ளைப்பேற்றில் நைந்த தூளி அடைக்காது. சொட்டும். என்ன நேர்த்தியான ஏற்பாடு என்று எழுத உட்கார்ந்த பிறகுதான், இதற்குள் ஒரு பெண் வேண்டுமே என்று உறைத்தது.

2
அவள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். ஒரு காலத்தில் அவள் சிரித்தால் பக்கத்துக் கடைக்குக் கேட்கும். இப்போது பேர் உம்மணாமூஞ்சி. வைத்தது நாத்தனார், சேர்ந்து சிரிக்க அவளுக்கிருந்த ஒரே ஆள்.

“ஏன் அண்ணி, சிரிச்சா முத்தா உதிர்ந்துடும்?”

உதிர்வது முத்தில்லை என்று அவள் எப்படி—

(இந்த வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை.)

3
“நின்னுக்கிட்டே நல்லா இருமுங்கம்மா.”

இருமினாள். டாக்டர் அடியில் பிடித்திருந்த காகிதம் நனையவில்லை.

“ஒண்ணுமே வரலையே. வீணா கவலைப்படாதீங்க.”

எப்படி வரும்? உள்ளே நுழையுமுன் கழிப்பறைக்குப் போய்விட்டாள்.* பை நிறைந்திருந்தால்தான் இந்தச் சோதனை பேசும். காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்து, ஓட்டை இல்லை என்றாகிவிட்டது.

* எங்கே போனாலும் முதலில் அதைத் தேடுவது நோய் கற்றுக்கொடுத்த பழக்கம். நோயை மறைத்ததும் அதுதான்.

4
மறுபடி எழுதினேன். டாக்டர் கூப்பிடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே என்றேன். எழுந்து போனாள். சரி, டாக்டரை மாற்றினேன். இவர் பொறுமைசாலி.

“கடைசியா எப்பம்மா பாத்ரூம் போனீங்க?”

உண்மையாக ஒரு பதில் போதும். பை நிறைந்திருக்கும்போது இன்னொரு நாள் வரச் சொல்வார். தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தால் பலருக்குக் குறைகிறது. உள்ளே பொருத்தும் தாங்கு வளையம் உண்டு, அறுவைசிகிச்சை உண்டு. ஆசை ஆசையாக ஒரு பக்கம் விளக்கி வைத்திருந்தேன்.

“காலையில, டாக்டர்.”

கடையில் மேலாளர் “மறுபடியுமா? கடைசியா எப்பப் போனே?” என்று கேட்கும்போதெல்லாம் இதே பதில். நாக்கு முந்திக்கொண்டது. என் பக்கத்தைக் கிழித்தேன்.

5
வெளியே நாத்தனார் காத்திருந்தாள். வயிற்றுவலி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லையாம்.”

“அதான பாத்தேன்! பேர் உள்ள வியாதி வர்ற அளவுக்கெல்லாம் நமக்கு ஏது வசதி?”

சிரிப்பு முட்டி இவள் உதடு துடித்தது. தொடைகளை இறுக்கிக்கொண்டாள். “போதும், நிறுத்து.”

“இனிமே உங்ககிட்ட வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க.” நாத்தனார் விறுவிறுவென்று முன்னே நடந்தாள்.

கூப்பிட வேண்டாம், ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், திரும்பிவிடுவாள். பை காலி, இப்போது சிரித்தால் ஒரு சொட்டும் வராது. எனக்குத் தெரியும். அவள் தொடைகளுக்குத் தெரியாது.

எத்தனை விதமாக எழுதியும் அவளை என்னால் சிரிக்கவைக்க முடியவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம். சற்று நேரத்தில் பை நிறைந்துவிடும்.