மேல் வரிசையில் ஐந்து சந்து

"ஈ காட்டு சாமி," என்று சென்னியப்பன் மகளை வாசலுக்கு இழுத்து வெயில் பார்க்க நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் தெளித்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. ஐந்து வயது சண்முகப்பிரியா ஈ காட்டினாள். அவன் தன் சட்டைப்பையிலிருந்து இழை எண்ணுகிற பித்தளைப் பூதக்கண்ணாடியை எடுத்து விரித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மேல் பல்வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். போன வாரம் ஐந்து சந்து. இந்த வாரமும் ஐந்து. நடுச்சந்து மட்டும் கொஞ்சம் அகன்றதுபோல இருந்தது. சந்தேகத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையின் முனையை உள்ளே விட்டுப் பார்த்தான். நல்ல கெட்டி அட்டை. எங்கும் உரசாமல் போய்விட்டு வந்தது.

"எச்சி பண்ணாதீங்க, அந்தக் கல்யாணத்துக்கு இன்னும் போகோணும்," என்றாள் புவனா, அடுப்படியிலிருந்தபடியே.

சென்னிமலையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் சென்னியப்பனுக்குத் துணி பார்க்கிற வேலை. தறியிலிருந்து வருகிற பெட்ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே கம்பில் தொங்கவிட்டு, எங்காவது இழை விட்டுப்போயிருக்கிறதா, சந்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பான். சந்தேகம் வந்தால் இழை எண்ணுகிற அந்தக் கண்ணாடியை வைப்பான். சரியாக இருந்தால் 'பாஸ்' என்று வலப்பக்க அடுக்கில் போகும், சந்து இருந்தால் 'செகண்ட்ஸ்', அதாவது இரண்டாந்தரம், என்று இடப்பக்க அடுக்கில் போகும். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு சந்தும் வெளியே போனதில்லை என்று சங்கத்தில் பேர். அப்பேர்ப்பட்டவன் தன் வீட்டிலேயே ஒரு வரிசையில் ஐந்து சந்தை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவான்?

இத்தனைக்கும் மூன்று மாதத்துக்கு முன்புவரை அவன் அதைக் கவனித்ததே இல்லை. சொந்தத்தில் ஒரு கல்யாண வீடியோ கேசட் வந்து, எல்லோரும் ஒரு வீட்டில் கூடிப் பார்த்தார்கள். கேமராக்காரர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்த பிரியாவின் வாயைப் பிடித்து, திரை நிறைய வரும்வரை விடவில்லை. சுப்பண்ணன் மாமா, "இந்தச் சந்துல மாட்டு வண்டியவே திருப்பலாமாட்ட இருக்குதே!" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. பிரியாவும் சேர்ந்து சிரித்தாள். புவனா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கூட்டுல ஒருத்தருக்குமே இப்படிச் சந்துப்பல்லு கெடையாதுங்க. உங்க பக்கந்தான் ஆராச்சும் இருந்திருக்கோணும்."

குற்றம் தன் வம்சத்தின்மேல் விழுந்ததும் சென்னியப்பன் அதையும் முறையாகவே பரிசோதித்தான். தன் பல்லைக் கண்ணாடியில் பார்த்தான், குறையில்லை. அக்கா பல்லைப் பார்த்தான், அதுவும் சரி. கடைசியாகச் சந்தேகம் பெரியத்தை மயிலாத்தாள்மேல் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு எட்டு மைல் மிதித்துப் போய்ப் பார்த்தால், எண்பது வயது மயிலாத்தாள் வாய் நிறையச் சிரித்து வரவேற்றாள். சாட்சி சொல்ல அங்கே ஒரு பல்லும் மிச்சமில்லை.

பையனாக இருந்தால் மீசை வந்து மறைத்துவிடும் என்றாள் புவனா. பொண்ணுப் பிள்ளை. இருபது வருஷம் கழித்து ஒருத்தன் பார்க்க வருவான், காப்பியைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பாள், அவன் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறேன் என்பான். பிறந்து நாலு பல்லாவது முளைத்திருக்குமோ என்னவோ தெரியாத அந்த மாப்பிள்ளையை நினைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் தூக்கம் கெட்டார்கள்.

அப்படி ஒரு நாள்தான் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து விழுந்தது. கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டே, "ம்ஹும், இது செகண்ட்ஸ்தான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சனிக்கிழமைகளில் அவனோடு சங்கத்துக்குப் போய் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்து விளையாடுகிறவள் பிரியா.

"அப்ப என்னைய எடது பக்கமாங்கப்பா வெப்பீங்க?" என்று கேட்டாள்.

பெண்ணின் புத்திசாலித்தனத்தைப் பார்த்து அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. புவனாவைக் கூப்பிட்டு அதை இரண்டு தரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மடையன்.

மறுநாளிலிருந்து பிரியா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பதையே விட்டாள். பேசினாலும் உதட்டுக்குள்ளேயே பேசினாள். பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று முதல் வாரம் இருவரும் மகிழ்ந்தார்கள். மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து இஸ்மத் டீச்சர் சொல்லி அனுப்பினார்.

"பாட்டுச் சொல்ல மாட்டீங்கறா, பேரு கூப்பிட்டா தலைய மட்டும் ஆட்டறா. வாயவே தெறக்கறதில்லீங்க. ஊட்டுல ஏதாச்சும் அடிச்சுப்போட்டீங்களா?"

பல்லில்தான் ஏதோ வலி என்று முடிவு செய்தார்கள். ஈரோட்டில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈரோட்டில் எந்தத் தெருவில் நின்றாலும் புவனாவின் சொந்தம் ஒன்று எதிரே வரும். 'பிள்ளையைப் பல் டாக்டரிடம் காட்டினார்கள்' என்ற பேச்சு கிளம்பினால், அது இருபது வருஷம் சாகாமல் இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் காதில் போய் விழும். அதனால் கோயமுத்தூருக்குத் துணி எடுக்கப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, பெருந்துறை போய் பஸ் மாறி, காந்திபுரத்தில் ஒரு மாடிப்படி ஏறினார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. பிரியா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மிட்டாய் காட்டியும் பலனில்லை.

"எதுக்கு கண்ணு வாய மூடிட்டே? ஆண்ட்டிகிட்டச் சொல்லு."

விரலிடுக்கு வழியாகப் பதில் வந்தது. "நான் செகண்ட்ஸுங்க."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. புவனாவுக்குப் புரிந்தது. அவள் புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெற்ற பிள்ளையைக் கம்பில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அங்கேயே அழுதுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

ஒருவழியாகக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "சந்து இருக்கறதுதானுங்க நல்லது. இது பால்பல்லு. இனி வர்ற பல்லு ஒவ்வொண்ணும் இதவிடப் பெருசு. இப்பவே எடம் இருந்தாத்தான் அது வரிசையா வந்து நிக்கும். நெருக்கமா இருக்கற கொழந்தைகளுக்குத்தான் பின்னாடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்."

"கம்பி கிம்பி போட்டு இழுத்துக் கட்ட வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

"மருந்து?"

"பல்லு வெளக்குனாப் போதுமுங்க."

இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு மாத்திரையாவது எழுதியிருக்கலாம் என்று சென்னியப்பனுக்குப் பட்டது. இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்தான்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் பிரியாவை நடுவில் உட்காரவைத்தார்கள். அவள் கை இன்னும் வாயைவிட்டு இறங்கவில்லை.

"டாக்டர் சொன்னாங்கல்ல கண்ணு? உம்பட பல்லு நல்ல பல்லாமா. கைய எடு."

பிரியா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அவங்களுக்கு என்னங்கப்பா தெரியும்? அவங்க துணி பாக்கறவங்களா?"

சென்னியப்பன் அவள் பக்கம் குனிந்தான். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, "அப்பாதான் சாமி தப்பாப் பாத்துப்போட்டேன்," என்றான்.

"நீங்க தப்பாப் பாப்பீங்களா?"

பன்னிரண்டு வருஷத்துப் பேர். அவன் புவனாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை.

"பாப்பேன்."

பிரியா அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். பீளமேடு தாண்டிவிட்டது. திடீரென்று சீட்டின்மேல் முட்டி போட்டு எழுந்து, அவனுடைய இரண்டு காதுகளையும் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். வாயைப் பொத்தக் கை இல்லாததால் உதட்டை இறுக்கிக்கொண்டு, "ஆ காட்டுங்கப்பா, நான் பாக்கறேன்," என்று முனகினாள்.

அவன் ஆ காட்டினான். முன்சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, மேல் வரிசை, கீழ் வரிசை, சொத்தை விழுந்த கடைவாய் என்று அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே போகப் போக, சோறு ஊட்டுகிறவர்களுக்கு வாய் தானாகத் திறப்பதுபோல, அவளுடைய வாயும் தன்னை அறியாமல் மெல்லத் திறந்துகொண்டது. அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், ஜன்னல் வெளிச்சம் பட்டு, ஐந்து சந்தும் தெரிந்தன.

"எங்கீங்க போகோணும்?" என்று கண்டக்டர் வந்து நின்றார். மறுபடியும் கேட்டார். அவனுக்குத் தாடை வலித்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது. சென்னியப்பன் வாயை மூடவில்லை.