நம்பர் இல்லாத கட்டம்

முந்நூற்று அறுபத்தொன்று. கண்டி கிளினிக்கில் தாளை வாங்கியதும் என் கண் அந்த இடத்துக்குத்தான் போனது. போன தடவை அங்கே நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது. மருந்து தொடங்கியபோது நூற்று எண்பத்தாறு. எச்.ஐ.வி. கிருமி தின்றதுபோக உடம்பில் மிஞ்சியிருக்கும் காவல் அணுக்களின் கணக்கு அது. கீழே, கிருமியின் கணக்கு வரும் கட்டத்தில், இந்தத் தடவை நம்பரே இல்லை. இரண்டு இங்கிலீஷ் சொற்கள்தான் இருந்தன. மிஷின் பழுதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தராசுதான் தெரியும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அன்றைக்குப் பாதிச் சம்பளம். மறுபேச்சு கிடையாது. ஐம்பத்தொன்று குறைந்த தாளோடு என் மனைவி நாகலெட்சுமி முன்னால் எப்படிப் போய் நிற்பது?

அவள் நல்லதண்ணியில் தன் அண்ணனோடு லயத்து வரிசைவீட்டில் இருக்கிறாள். கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய் நான் கொண்டுவந்த நோய் அவளைத் தொடவில்லை. தொடாமலே அவளைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருசமாகக் கடிதம்தான். அவள் எழுதிய முதல் கடிதத்தை யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது? நான் இருக்கும் வட்டவளையில் ஒருவர் வாசித்தால் டிக்கோயா வரைக்கும் தெரிந்துவிடும். முப்பத்தெட்டு வயதில் முதலாம் வகுப்புப் புத்தகம் வாங்கி எழுத்துக் கூட்டினேன். அந்த ஒரு கடிதத்துக்குப் பதினொரு நாள் பிடித்தது. கடைசியாக வந்தது சின்னக் கடிதம். "நம்பர் இன்னும் ஏறட்டும். ஏறினா தாளோட வாங்க, பேசுவோம். குளிருக்கு ஸ்வெட்டர் போடுங்க." அந்தக் கடைசி வரியை மட்டும் விரலால் தடவித் தடவி மை மங்கிவிட்டது.

"செல்லசாமி அண்ணை, ஏன் முகம் இருண்டுபோச்சு?" என்றார் நர்ஸ் யசோதினி. யாழ்ப்பாணத்துக்காரர்.

"கொறஞ்சிருச்சுங்களே, மிஸ்ஸி."

"போன மாசம் காய்ச்சல், தடிமன் ஏதும் வந்ததோ?"

"தடுமல் ஒரு வாரம் இருந்துச்சுங்க."

"அதுக்கும் இறங்கும். காலமை ரத்தம் எடுத்தா ஒண்டு, பின்னேரம் எடுத்தா இன்னொண்டு. கீழை பாருங்கோ. கிருமி மிஷினுக்கே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிட்டுது. அதுக்காக மருந்தை விட்டிடாதேங்கோ, திரும்ப வரும்."

பனி ஈரத்தோடு காலையில் கனக்கும் கொழுந்து வெயில் ஏறினால் இலேசாகிவிடும். கூடை அதேதான். இத்தனை வருசம் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே.

ஹட்டனில் நல்லதண்ணி பஸ் ஏறினேன். மலைக்கு யாத்திரை போகிறவர்களின் கூட்டத்தில் நின்றபடியே போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை.

நாகலெட்சுமி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள்.

"கொறஞ்சிருக்கே."

"அது ஏறும், எறங்கும் புள்ள. கீழ பாரு."

"இங்க ஏன் நம்பரே இல்ல?"

எதிர்மலையில் தேயிலைச் செடிகளைப் புதிதாகக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். ஓர் இலைகூட இல்லை, குச்சிகள்தான். பதினெட்டு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் அதைக் காட்டினேன்.

"அந்த மாதிரி. வெட்டியாச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வேர் உள்ள இருக்கு. மாத்திரைய விட்டா துளுத்துரும்."

"கவ்வாத்துக்காரன் புத்தி எங்க போகும்" என்றாள். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. தாளை நான்காக மடித்தாள், திருப்பித் தரவில்லை.

"அடுத்த மாத்திரை எத்தன மணிக்கி?"

"ராவைக்கு எட்டு மணிக்கி."

ஹட்டனுக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. அது அவளுக்கும் தெரியும்.

உள்ளே போனாள். நான் வாசல்படியைத் தாண்டாமல் நின்றேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இரண்டேகால் மணியில் நின்றுபோயிருந்த அலாரம் கடிகாரத்தை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, அதன் முதுகில் இருந்த சாவியை மெல்ல, மிக மெல்ல முறுக்கத் தொடங்கினாள்.