கம்பத்தில் மூன்று தொப்பிகள்

எங்கள் குடாவில் ஒரு மனிதனின் மானத்துக்கு விலை ஒரு தொப்பி. பேரம் கிடையாது. படகு நடு ஏரியில் நின்றுபோய், இன்னொருவன் கயிறு போட்டு இழுத்துவந்து கரைசேர்த்தால், இழுபட்டவன் தன் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி இழுத்தவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவன் அதைத் தன் படகுத்துறைக் கம்பத்தில் ஆணியடித்து மாட்டுவான். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துச் சிரிக்கலாம். என்றைக்காவது அவன் படகு நின்று, நீ இழுத்துவந்தால் கணக்கில் ஒன்று கழியும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று ஓசார்க்ஸ் ஏரியில் யாருக்கும் தெரியாது. மிசௌரி மாநிலத்தில் ஒருவரும் மீறாத சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வெர்லின் ஓல்ட்மனின் கம்பத்தில் மூன்று தொப்பிகள் தொங்கின. மூன்றும் ராய்ஸ் கெட்லருடையவை.

ராய்ஸ் ஜெபர்சன் சிட்டியில் கூரை போடும் கம்பெனி நடத்துகிறவன். வாரம் முழுக்க மற்றவர் வீட்டு உச்சியில் நிதானமாகக் கால் வைத்து நடப்பான். சனிக்கிழமை ஏரிக்கு வந்ததும் அந்த நிதானத்தைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிடுவான். அவனுடைய நீளமான சிவப்புப் படகின் வயிற்றுக்குள் எண்ணூறு குதிரைசக்தி எஞ்சின். அந்தப் பலத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, பின்பலகைக்கு வெளியே தொங்கியபடி, தண்ணீருக்குள் காற்றாடியைச் சுற்றுவது டிரைவ் என்கிற ஒற்றைக் கால். அந்தக் காலைச் செய்தவர்கள் நானூறு குதிரைகளை மனதில் வைத்துத்தான் செய்திருந்தார்கள். மீதி நானூறும் டிக்கெட் இல்லாமல் ஏறியவை.

வெர்லின் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு உருளைகள் மேல் ஒரு தளம், தளத்தின் மேல் சோபா, சோபாவுக்கு மேல் பந்தல், பந்தலில் ஒரு ஜெரேனியப் பூந்தொட்டி. அதுதான் அவர் படகு. பேருந்து வேகத்தைத் தாண்டியதே இல்லை. அந்த மிதக்கும் வரவேற்பறை சிவப்புப் படகை மூன்று முறை இழுத்து வந்திருக்கிறது. மூன்று முறையும் வேண்டுமென்றே சுற்றுவழியில், எல்லாத் துறைகளுக்கும் முன்னால்.

நான் மெர்ல். குடாவின் வாயில் இருக்கும் பெட்ரோல் துறையும் உதிரிபாகக் கடையும் என்னுடையவை. ராய்ஸ் உடைத்த ஒவ்வொன்றிலும் எனக்கு லாபம் உண்டு. எங்கள் வீட்டில் வாரச்சந்தையில் பழைய இரும்பு விற்றுத்தான் சாப்பிட்டோம். இரும்பு உடைந்தால் வருத்தப்பட எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

மே மாதம் ராய்ஸ் மனைவி கார்லாவோடு கடைக்கு வந்தான்.

"நாலாவது டிரைவ், மெர்ல்," என்றாள் கார்லா. "செப்டம்பர்ல வர்ற தொழிலாளர் தினத்துக்குள்ள இதுவும் போச்சுன்னா படகை வித்துடறோம். இவர் ஒத்துக்கிட்டாரு."

"அவ கேக்கும்போது என் வாய் நிறைய பன்னிக்கறி," என்றான் ராய்ஸ். "மென்னுகிட்டே தலையை ஆட்டுனேன். அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டா."

"முழுங்கின பிறகும் ஆட்டுனீங்க."

ராய்ஸ் கல்லாவின் மேல் சாய்ந்தான். "யோவ், உடையாத டிரைவ்னு ஒண்ணு வச்சிருக்கியா?"

"இருக்கு. வெளிய நிக்குதே உன் பிக்கப் வண்டி, அதைக் குடு. மேல கொஞ்சம் போடு."

அவன் ஜன்னல் வழியாகப் பிக்கப்பைப் பார்த்தான். கார்லா அவன் பார்ப்பதைப் பார்த்தாள். பேச்சு அங்கே முடிந்தது.

உடைந்த டிரைவைக் கழுவுதொட்டி மேல் வைத்து, எண்ணெய் அடைப்பானைத் திருகி எடுத்துக் காட்டினேன். அதன் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மை ஒட்டியிருந்தால் வெறும் தேய்மானம், பயமில்லை. ராய்ஸின் காந்தத்தில் பாதிப் பல் ஒட்டியிருந்தது.

"இது தேஞ்சது இல்ல, ராய்ஸ். முறிஞ்சது. எந்த எடத்துல முறிஞ்சதுன்னு நான் சொல்லவா? வளைவுல இருக்கே அந்த ஹோட்டல், அதுக்கு முன்னாடி. அங்க இருநூறு பேர் கையில பீரோட நிப்பாங்க. 'அமுக்கு, அமுக்கு'ம்பாங்க. நீயும் அமுக்குவ."

"அமுக்கத்தானேய்யா படகு வாங்கினேன்."

"எண்ணெயை அடிக்கடி மாத்து. டிரைவ் தலையில தண்ணி தெளிக்கிற குழாய் ஒண்ணு தரேன், சூடு அடங்கும். நின்ன எடத்துலேருந்து அமுக்காத. படகு மூக்கை இறக்கித் தண்ணிமேல படுக்கட்டும், அப்புறம் எவ்வளவு வேணா குடு. அலையில பறந்தேன்னா, காத்துல இருக்கும்போதே வேகத்தைக் கூட்டுற த்ராட்டில் பிடியைப் பின்னால இழு. பிடிக்கத் தண்ணி இல்லாம காத்தாடி வெறி புடிச்சுச் சுத்தும். அந்த வெறியோட தண்ணியில விழுந்தா அடி மொத்தமும் கியர் பல்லுக்கு."

"இதெல்லாம் எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். உன் வலது கைக்குத் தெரியாது. அதுக்கு மாத்து இந்தக் கடையில கிடையாது."

கார்லா இதைக் கேட்டு யோசித்தாள். "மெர்ல், போன வருஷ விருந்துக்கு நான் முட்டைத் தட்டு கொண்டுவந்தேனே. அன்னைக்கு இவர் எப்படி ஓட்டினாரு தெரியுமா? குழந்தையைத் தொட்டில்ல கொண்டுவந்த மாதிரி."

கார்லாவின் முட்டையைத் தெரியாதவர் குடாவில் இல்லை. வேகவைத்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவைக் கடுகோடு குழைத்துத் திரும்ப நிரப்பி, மேலே மிளகாய்த்தூள் தூவி, மூடியில்லாத கண்ணாடித் தட்டில் வரிசையாக அடுக்கியிருப்பாள். ஒன்று சரிந்தாலும் ராய்ஸுக்கு அந்த வாரம் படுக்கை சோபாவில்.

"அப்ப முடிஞ்சது," என்றேன். "படகை எடுக்கறப்பல்லாம் எஞ்சின் மூடி மேல அந்தத் தட்டை வை. முட்டை நின்னா கியரும் நிக்கும்."

"என்னை முட்டைக்காரன்னு கூப்பிடுவாங்கய்யா."

"கூப்பிடட்டும். உன் தொப்பி உன் தலையில இருக்கும் இல்ல?"

கூப்பிட்டார்கள். ஜூன் முடிவதற்குள் 'கெட்லர் முட்டை டெலிவரி' என்று யாரோ அட்டையில் எழுதி அவன் துறையில் மாட்டிவிட்டார்கள். ஹோட்டல் முன்னால் அவன் மெல்ல நகரும்போது கோழி கூவுவதுபோல் கூவினார்கள். ராய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். எனக்கென்ன, அது அவனுடைய பல். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் காந்தத்தில் சாம்பல் மை மட்டுமே இருந்தது. என் வியாபாரத்துக்கு அது துக்கச் செய்தி. வெர்லினுக்கும்தான். கோடை முழுவதும் அவர் சிவப்புப் படகுக்குக் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வந்தார். இழுக்கும் கயிற்றைப் பின்பக்கம் தயாராகத் தொங்கவிட்டிருந்தார். போதாக்குறைக்கு, ராய்ஸின் மூன்றாவது தொப்பியை ஆணியிலிருந்து கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார். பச்சைத் தொப்பி, நெற்றியில் 'கெட்லர் கூரைகள்' என்று எழுதியது.

தொழிலாளர் தினம் வந்தது. அன்று ஆளுக்கொரு தட்டோடு குடா முழுவதும் வெர்லின் துறையில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். என் மடியில் உருளைக்கிழங்கு சாலட்டோடு நான் சிவப்புப் படகின் பின் இருக்கையில். எஞ்சின் மூடி மேல் முட்டைத் தட்டு.

வளைவு திரும்பினோம். ஹோட்டல் துறையில் பருவத்தின் கடைசிக் கூட்டம். சிவப்பைப் பார்த்ததும் கூவல் தொடங்கியது. பிறகு "அமுக்கு, அமுக்கு" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். ராய்ஸின் வலது கை த்ராட்டில் மேல் போய் உட்கார்ந்தது. விரல்கள் தாமாக இறுகின.

கார்லா எழுந்து, முட்டைத் தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன அர்த்தம்?" என்றான் ராய்ஸ்.

"முட்டை எங்கிட்ட பத்திரமா இருக்கும். கியரை நீங்க பாத்துக்குங்க."

"அமுக்கட்டுமா வேணாமா?"

"உங்க படகு. நாளைக்கும் உங்களோடதா இருக்கணுமான்னு நீங்கதான் சொல்லணும்."

நான் சாலட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ராய்ஸின் கை முன்னே போனது, ஆனால் பசையில் ஒட்டியதுபோல் அங்குலம் அங்குலமாக. படகு மூக்கைத் தூக்கியது, யோசித்தது, இறக்கியது, தண்ணீர்மேல் படுத்தது. கூட்டத்தில் ஒருவன், "தாத்தா, மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்றான். அவன் வாயை மூடுவதற்குள் ராய்ஸ் மீதியைக் கொடுத்தான்.

எண்ணூறும் ஒரே குரலில் கத்தின. ஹோட்டல் பின்னால் ஓடிச் சின்னதாகிவிட்டது. எதிரே ஒரு பெரிய உல்லாசப் படகு விட்டுப்போன அலை, வரப்புபோல் குறுக்கே கிடந்தது. ஏறினோம். பறந்தோம். கீழே தண்ணீர் இல்லாத அந்த நொடியில் வழக்கமாகக் கேட்கும் வெறிக் கூச்சலுக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. ராய்ஸ் கையைப் பின்னால் இழுத்திருந்தான். படகு விழுந்தது. காற்றாடி தண்ணீரைப் பிடித்தது. கை திரும்ப முன்னே போனது. ஒரு முறிவுச் சத்தமும் இல்லை. தட்டிலிருந்து ஒரே ஒரு முட்டை கிளம்பி என் சட்டையில் வந்து ஒட்டியது.

ராய்ஸ் திரும்பித் தன் வலது கையை, புதிதாக வேலைக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

முனையைத் தாண்டினால் மிதக்கும் வரவேற்பறை நடு ஏரியில் நின்றுகொண்டிருந்தது. வெர்லின் இடுப்பில் கை வைத்துத் தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார். பின்னால் தொங்கிய இழுப்புக் கயிறு அவருடைய காற்றாடியிலேயே சுற்றி உருண்டையாகியிருந்தது.

"கயிறு எதுக்கு வெளிய போட்டிருந்தீங்க, பெரியவரே?" என்றான் ராய்ஸ், தேன் ஒழுக.

"உனக்காகத்தான் தம்பி. இன்னைக்குக் கடைசி நாளாச்சே."

எங்கள் கயிற்றைக் கட்டினோம். எண்ணூறு குதிரைகள் எருமை நடை நடந்தன. எல்லாத் துறைகளுக்கும் முன்னால், சுற்றுவழியில்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்," என்று பின்னாலிருந்து வெர்லின் கத்தினார்.

"முட்டை இருக்கு, பெரியவரே."

துறையில் ஊரே கூடி நிற்க, வெர்லின் தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"இது என் தொப்பி," என்றான் ராய்ஸ். "உங்க தொப்பியைக் குடுங்க."

"தலையில இருக்கிற தொப்பின்னுதான் சட்டம். யார் வாங்கினதுன்னு சட்டம் கேக்கல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தைக் குடும்பத்துக்காரன் என்றால் நியாயமும் எடைபோடுவான் என்று ஒரு நம்பிக்கை. வெர்லின் சொல்வதே சரி, ஒன்று கழிந்தது என்று தீர்ப்புச் சொன்னேன். ராய்ஸ் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தன் துறைக் கம்பத்தில் தன் தொப்பியையே ஆணியடித்தான். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் இவன் தன்னைத்தானே இழுத்துவந்தவன்போல் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஆகப் பருவக் கணக்கு இப்படி: வெர்லின் கம்பத்துக்கு ராய்ஸ் கொடுத்த தொப்பி மூன்று, கழிந்தது ஒன்று, பாக்கி இரண்டு. சிவப்புப் படகு உரியவனிடமே இருக்கிறது. கார்லாவின் கெடு அடுத்த மே மாதம் புதிதாகத் தொடங்கும். நாலாவது டிரைவுக்குப் பிறகு நான் விற்ற கியர் பூஜ்யம். முட்டை கிளம்பியது இருபத்து நான்கு, தட்டில் வந்துசேர்ந்தது இருபத்து மூன்று. சட்டை வெளுத்த கூலியைக் கெட்லர் பெயரில் எழுதியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.