ஒரு கை மல்லி

சடையாண்டி போட்டிருந்த சட்டை அவனுடையது இல்லை. யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு ஆறு மாதமாக வாங்க வராமல் போனது. தையல்காரர் முகமது பாரூக் அதை எடுத்து உதறி, "போட்டுட்டுப் போ மாப்ள, வேலை கெடைச்சா நல்லதுதானே" என்று மாட்டிவிட்டார். கை மட்டும் நாலு விரல்கடை நீளம். மடித்து விட்டுக்கொண்டு கூட்டுறவுப் பண்டகசாலையின் தராசு முன்னால் நின்றபோது, அதுவே அவனுக்குப் பெரிய உத்தியோகக்காரன் ஆன மாதிரி இருந்தது.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில், பெருமாள்சாமியின் கமிஷன் கடையில் எட்டு வருஷமாக எடை போடுகிறவன் அவன். படிப்பு ஒன்பதோடு சரி. பஞ்சு மில், கரண்டு ஆபீஸ், ரயில்வே குட்ஸ் ஷெட் என்று அவன் ஏறி இறங்காத படி கிடையாது. காலேஜ் முடித்தவனே கையில் கவரோடு அலைகிற காலத்தில் இவனை யார் உள்ளே விடுவார்கள்? பூக்கடைச் சம்பளம் தினக்கூலி. பனி விழுந்தால் மல்லி வராது, மல்லி வராவிட்டால் கூலியும் வராது. இந்த வருஷம் பார்த்து பெண்டாட்டி மூக்காயிக்கு மார்கழியில் பிள்ளை பிறக்கப்போகிறது. மாதச் சம்பளம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்று அவன் கும்பிடாத சாமி இல்லை.

பண்டகசாலைக்கு எடை போட ஆள் வேண்டும், பெரிய படிப்புத் தேவையில்லை என்று வந்து சொன்னவள் ஜக்கம்மாள். மாதா கோயில் வாசலில் பூ விற்கிறவள். அங்கே சீனி வாங்க வரிசையில் நின்றபோது காதில் விழுந்ததாம். கூடையைக்கூட இறக்காமல் ஓடி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

செயலாளர் கிறிஸ்துராஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கிலோ துவரம்பருப்பு போடச் சொன்னார். சடையாண்டி ஒரே அள்ளாக அள்ளிப் போட்டான். முள் ஆடி அடங்கி நடுவில் நின்றது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. செயலாளரின் புருவம் மேலே போனது. அங்கேயே நிறுத்தியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். பாழாய்ப்போன கை நிற்கவில்லை. தன்பாட்டுக்கு மூட்டைக்குள் போய் இன்னொரு கை பருப்பை அள்ளித் தட்டில் போட்டுவிட்டது. பூ மார்க்கெட்டில் எடை முடிந்ததும் மேலே ஒரு கை கொசுறு விழ வேண்டும். அது விழாமல் எந்தப் பூக்காரியும் கூடையை எடுக்க மாட்டாள்.

"யாரு வீட்டுப் பருப்புப்பா இது?" என்றார் செயலாளர். "எடு அதை."

எடுக்கப் போன கை தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"போட்டத எடுத்துப் பழக்கமில்லைங்கய்யா. சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

இன்னும் கிடைக்காத சம்பளத்தில்! பக்கத்திலிருந்த கணக்கர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செயலாளருக்கும் உதடு துடித்தது. ஆனால் தானே எழுந்து வந்து அந்தப் பருப்பை அள்ளி மூட்டையில் போட்டார். பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். கை கணக்காக நின்றால் வேலை, நிற்காவிட்டால் வேறு ஆள்.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்ததை மார்க்கெட்டில் ஒளிக்காமல் சொன்னான். ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். ஜக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியலில் அவளுக்குத்தான் முதல் எடை. சாணார்பட்டி மல்லி. பனிக்குச் சுருங்கி வரத்து குறைந்து, விலை ஏறிக் கிடந்தது. நிறுத்து முடித்து, மேலே ஒரு கை போட்டான். அவள் குனிந்து அந்த ஒரு கை பூவை மட்டும் அள்ளி, சிந்தாமல் குவியலில் திருப்பிப் போட்டாள்.

"இதுல என்னக்கா இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

"பத்து நாளைக்கு வேணாம்ப்பு. கை பழகட்டும்."

பின்னால் நின்ற பூக்காரி செபாஸ்தியம்மாளும் திருப்பிப் போட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அப்படியே. அந்த ஒரு கை மல்லி இவர்களுக்கு என்னவென்று அவனுக்குத் தெரியாதா? கட்டினால் ஒன்றரை முழம். வாங்கின பூ வாங்கின காசுக்குப் போய்விடும், சாயங்காலம் குழம்பு, வெஞ்சனத்துக்கு ஆவது கொசுறுதான். மூன்றாம் நாள், போடாமல் இருக்க முயன்றான். முடியவில்லை. ஒன்பதாம் நாள்வரை அவன் போடுவதும் அவர்கள் திருப்பிப் போடுவதுமாகவே போனது. ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. மூக்காயியிடம் இதைச் சொன்னபோது, சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "இவங்களுக்கு நான் என்னத்தச் செய்யப் போறேன்" என்றான். அவள் வயிற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் அதே சட்டை, அதே தராசு. இந்தத் தடவை பச்சரிசி. அள்ளிப் போட்டான். முள் நடுவில் நின்றது. கை மூட்டைக்குள் போய்விட்டது. விரல்கள் அரிசியைக் கூட்டிப் பிடித்தும்விட்டன. செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

வெளியே, வாங்குகிறவர்களின் வரிசையில், பூக்கூடையை இடுப்பில் வைத்தபடி ஜக்கம்மாள் நின்றிருந்தாள். சன்னல் கம்பி வழியாக அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடை பாதிக்குமேல் காலியாக இருந்தது.

சடையாண்டி விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். அரிசி மூட்டைக்குள்ளேயே சரிந்தது. வெறுங்கையைத் தட்டுக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினான். விடியலில் அள்ளிய மல்லியின் வாசம் இன்னும் அதில் இருந்தது.