தவசிலிங்கத்துக்கு மட்டும் ஊதும் கூட்ஸ்

எங்கள் ஊரில் கூட்ஸ் வண்டி ஆள் பார்த்துத்தான் ஊதும். ரயில்வே கேட்டுக்காகவோ மாட்டுக்காகவோ ஊதுவதில்லை. நிலக்கரி ஏற்றிக்கொண்டு கரிசல்காட்டு நடுவே மத்தியானம் வரும். வரப்பில் நிற்பவர்களில் தனக்குப் பிடித்தவரைப் பார்த்து ஒருமுறை ஊதிவிட்டுப் போகும். அன்றைக்கு டீக்கடையில் முதல் டீ அவருக்கு.

வெகுகாலம் அது எனக்குத்தான் ஊதியது. நான் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பேன். லாபமில்லாத இடத்தில் நான் நின்றது அங்கே மட்டும்தான்.

பங்குனியில் தவசிலிங்கம் வந்து நின்றார். எதிர்க்கடைக்காரர். எஞ்சினுக்கும் கடைசிப் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவர். குடையைப் பிடித்துக்கொண்டு, கடலை தின்றுகொண்டிருந்தார். கூட்ஸ் அவருக்கு ஊதியது.

எனக்கு இதுவரை ஊதியதெல்லாம் தொழில்முறை ஊதல் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு ஊதியதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஜெயக்கொடியிடம் முறையிட்டேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவுக குடை நல்ல குடை," என்றாள்.

அதைவிடப் பெரிய குடை ஒன்று வாங்கினேன். கூட்ஸ் என் குடையைச் சுற்றி எட்டிப் பார்த்து அவருக்கு ஊதியது. அவர் வராத நாளில் ஊதவே இல்லை. அவர் வீட்டுப் பின்பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, கொடியில் அவர் வேட்டி காய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனது.

பின்னாலேயே போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். கூட்ஸைத் தொடர்வது கஷ்டமில்லை. பாசஞ்சருக்கு வழிவிட்டு வழிவிட்டே மனம் நொந்த வண்டி அது. தண்டவாளத்து ஓரமாக நடந்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்தன. கடைசிப் பெட்டி வருவதாக இல்லை. வண்டி நீண்டுகொண்டே போனது. ஒரு பெட்டியில் கல்யாணப் பந்தி நடந்தது. என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அடுத்த பெட்டியில் எங்கள் ஊர் டீக்கடை இருந்தது. மாஸ்டர் முதல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு என்றார். அந்தப் பெட்டியும் போய்விட்டது.

கடைசியில் கார்டு பெட்டி வந்தது. ஏறிக்கொண்டேன். கார்டு உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தார். வண்டி எனக்கு மட்டும்தான் ஊத வேண்டும் என்று சொன்னேன்.

"எங்கிட்டச் சொல்லி? வண்டிகிட்டப் பேசுங்க," என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து பிரேக் சக்கரத்தின் மேல் போட்டார்.

துண்டு போட்டுப் பேசுவது எங்கள் சந்தை வழக்கம். துண்டுக்கு அடியில் இரண்டு பேரும் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரத்தை நடத்துவோம். வாய் பேசாது. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. யார் முதலில் கையை வெளியே எடுக்கிறாரோ அவர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குமேல் மாற்றுப் பேச்சு கிடையாது.

கையை விட்டேன். உள்ளே ஒரு கை இருந்தது. குளிர்ந்துபோய், கிரீஸ் பிசுபிசுப்போடு இருந்தது. அது என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது.

நான் பிறந்த குடும்பத்தில் முதலில் சொன்ன விலைக்கு யாரும் உப்புகூட வாங்கியதில்லை. அழுகல் தக்காளியைப் பார்ப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதன் சுண்டுவிரலை மட்டும் பிடித்தேன்.

கை உடனே வெளியே போய்விட்டது.

எதிராளி உடனே சம்மதித்தால் வியாபாரி ஏமாந்துவிட்டான் என்று அர்த்தம். கார்டைப் பார்த்தேன்.

"அது விலை சொல்லல அண்ணாச்சி. எல்லாத்தையும் தாரேன்னு சொல்லிச்சு," என்றார் கார்டு. "நீங்க ஒண்ணு போதும்னுட்டீக."

மறுநாள் என் வீட்டு முற்றத்தில் ஒரு பெட்டி நின்றது. காலிப் பெட்டி. மிச்ச வண்டி முழுவதும் வழக்கம்போலத் தவசிலிங்கத்துக்கு ஊதிக்கொண்டு போனது.

ஜெயக்கொடி பெட்டிக்குத் திருநீறு பூசி, அதில் வடகம் காயவைத்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றானாலும் என்னுடையது. மத்தியானம் தூரத்தில் ஊதல் கேட்டது. பெட்டி தவசிலிங்கம் வீட்டுப் பக்கமாக லேசாக நகர்ந்தது. எழுந்துபோய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பிறகு இரண்டு நாள் அதனோடு பேசவில்லை.

அந்த வாரத்திலேயே தவசிலிங்கம் வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஊதல் காற்றோடு போய்விடுகிறது, கையில் ஒன்றும் நிற்பதில்லை, உங்களுக்குத் தொட்டுப் பார்க்க ஒரு பெட்டியாவது இருக்கிறது என்று புலம்பினார். தூக்கம் வருவதில்லை என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

"பெட்டியக் குடுத்திருங்க அண்ணாச்சி," என்றார். "ஊதல நீங்க எடுத்துக்கோங்க."

நான் ராப்பகலாக ஆசைப்பட்டது அதைத்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"துண்டைப் போடுங்க," என்றேன்.

போட்டார். கையை விட்டேன். அவர் கை சூடாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையும் இருந்தது. குளிர்ந்த கை. கிரீஸ் பிசுபிசுத்தது.

யாரும் கையை எடுக்கவில்லை. எடுத்தவர் எதற்குச் சம்மதித்தவர் ஆவார் என்று எங்களுக்கும் தெரியாது. முற்றத்திலேயே நிற்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஜெயக்கொடி சோறு ஊட்டுகிறாள். மூன்றாவது கைக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுகிறாள். இதை இடது கையால் எழுதுகிறேன்.

மத்தியானம் கூட்ஸ் ஊதுகிறது. ஊதும்போது துண்டுக்கு அடியில் அந்தக் கை யாருடைய விரலையோ அழுத்திப் பிடிக்கிறது. துண்டு அசைவதிலிருந்து தெரிகிறது. என் விரலை இல்லை. நான் தவசிலிங்கத்தின் முகத்தைப் பார்க்கிறேன்.

அவரும் அதே சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.