ஏர்லீனைக் கெட்ட அம்மாவாக்குவது எப்படி

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியமாகத்தான் வந்தது, அதுவும் மீன் பொரித்துக்கொண்டிருந்த இடத்தில். எங்கள் தெருவில் மேரிபெத் என்று ஒருத்தி இருக்கிறாள். மரண தண்டனைக் கைதிகளின் வக்கீல்களுக்காக வேலை பார்ப்பவள். விஷ ஊசி போட்டுக் கொல்லத் தேதி குறித்த பிறகு, கைதி பிறந்ததிலிருந்து பட்ட பாட்டையெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து, கருணை மனு வாரியத்துக்குக் காட்ட ஒரு சின்னப் படம் எடுப்பாள். சர்ச் மைதானத்தில் கெளுத்தி மீனுக்காக வரிசையில் நின்றபோது, வேலை எப்படிப் போகிறது என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"மோசம். இந்தத் தடவ மாட்டினவனுக்கு அம்மா ரொம்ப நல்லவங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவுமில்லை, சொல்லவும் கூடாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. மேரிபெத்தின் பெயரை மட்டும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஒக்லஹோமாவின் சிவந்த மண்ணில், சிறைச்சாலையின் வெள்ளை மதில்—"

வேண்டாம். மதிலை எல்லோரும் எழுதியாயிற்று.

இரண்டாவது: "ரோடரிக் கொலைகாரன் அல்ல—"

இதுவும் வேண்டாம். அவன் சுட்டானா என்பது எனக்கே தெரியாது. [உண்டாக்குகிறவளுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாதுதான், என்ன செய்வது?]

தெரிந்தது இவ்வளவு. இருபது வயதில் ரோடரிக்கும் அவனுடைய கூட்டாளி கர்ட்டிஸும் ஏரிக்கரையில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் கொள்ளையடிக்கப் புகுந்தார்கள். கடைக்காரர் ஹோபர்ட் செத்துப்போனார். துப்பாக்கி ஒன்றுதான். அவன் சுட்டான் என்று இவன் சொன்னான், இவன் சுட்டான் என்று அவன் சொன்னான். கர்ட்டிஸுக்குத் தனி விசாரணை நடந்தது. அவனுடைய அம்மா அவனை வயரால் விளாசியதையும் மாடிப்படிக்கு அடியில் பூட்டிவைத்ததையும் கேட்டு ஜூரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆயுள் தண்டனையோடு விட்டார்கள். ரோடரிக்கின் விசாரணையில் அவன் அம்மா ஏர்லீன் கூண்டேறினாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பிள்ளையை வளர்த்ததை, பனிக்காலக் காலைகளில் அவனுடைய காலுறையைச் சூடாக்கிப் போட்டுவிட்டதைப் பெருமையாகச் சொன்னாள். அரசு வக்கீல் அவளுக்கு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு ஜூரிகள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நல்ல தாய். அப்புறம் இவனுக்கு என்ன சாக்கு இருக்கு?"

மரண தண்டனை. ஏர்லீன் வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அதிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் வாயாலேயே பிள்ளையைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு இன்றுவரை அவளை விடவில்லை.

3

ரோடரிக்குக்கு இப்போது நாற்பதுக்கு மேல். தேதி குறித்துவிட்டார்கள். மேரிபெத் ஏர்லீனின் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏர்லீன் பீச் பழத்துக்குத் தோல் சீவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"சின்ன வயசுல அவருக்குத் தலையில அடி கிடி பட்டுதா, மிஸ் ஏர்லீன்?"

"ஒரு தடவகூடக் கீழ விடல கண்ணு. விட்டிருக்கணுமோ?"

"அவங்கப்பா குடிப்பாரா?"

"குடிப்பாரு, மோர். அதுலயும் ரெண்டு சிட்டிகை மிளகுத்தூள் போட்டாகணும் அந்த மனுசனுக்கு."

"பசி, பட்டினி?"

"எங்க வீட்டுக்கு வந்துட்டுப் பசியோட போனவன் இந்த ஊர்ல ஒருத்தன் இருந்தாக் கூட்டிட்டு வா. மன்னிப்புக் கேக்கறேன்."

மேரிபெத் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் தேறல, இல்ல?" என்றாள் ஏர்லீன்.

"எனக்கு உங்கள மாதிரி ஒரு அம்மா இருந்திருக்கலாம்னு இருக்கு."

"அதுக்கு வாரியத்துல எத்தன ஓட்டு விழும்?"

வாரியத்தின் ஐந்து பேரில் மூன்று பேர் கருணை காட்டச் சொன்னால்தான் மனு கவர்னர் மேசைக்கே போகும். ஏர்லீன் பழத்தை வெட்டி முடித்து, சர்க்கரையைக் கொட்டி, அடுப்பில் வைத்தாள். பிறகு ரொம்ப சாதாரணமாக, "சனிக்கிழம கேமராவோட வா. எனக்கு ஞாபகம் வந்திருக்கும்" என்றாள்.

4

சனிக்கிழமை ஏர்லீன் சர்ச்சுக்குப் போகும் ஊதாத் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேரிபெத் கேமராவை ஓடவிட்டாள்.

"நான் நல்ல அம்மா இல்ல. கோர்ட்ல சொன்னதெல்லாம் பொய். வயரால அடிப்பேன். ரத்தம் வரும். மாடிப்படிக்கு அடியில ரெண்டு நாள் பூட்டி வச்சேன். தண்ணி கேட்டான், குடுக்கல—"

அப்போது பார்த்துச் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊர் முழுக்க அலறியது.*

[* சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு அதை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். யாரும் தலை நிமிர்த்த மாட்டோம். இதை நான் உண்டாக்கவில்லை. ஆனால் இந்த இடத்தில் அது அலறியது எனக்கு வசதியாகப் போயிற்று, ஒத்துக்கொள்கிறேன்.]

மேரிபெத் கேமராவை அணைத்தாள். சங்கு ஓயும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வீட்ல மாடியே இல்லையே, மிஸ் ஏர்லீன்."

"அப்போ மாடிப்படிய எடுத்துரு. வயர் இருக்கட்டும்."

"இது கர்ட்டிஸோட அம்மா கதை."

"அவ என்ன, காப்பிரைட்டா வாங்கி வச்சிருக்கா? போய்ச் சேந்துட்டா, பாவம். அவளுக்கு இனிமே அது எதுக்கு? எனக்குக் குடு."

"பொய்னு தெரிஞ்சே நான் காட்டக் கூடாது. மாட்டிக்கிட்டா ரோடரிக் சொல்ற நெசத்தக்கூட யாரும் நம்ப மாட்டாங்க."

ஏர்லீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லா வளத்தது தப்புன்னு அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். கொஞ்சம் அடிச்சு வச்சிருப்பேன்" என்றாள். மேரிபெத்துக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் ஏர்லீன்தான் அவளைச் சமாதானம் செய்து, பீச் பழத்தில் சுட்ட கோப்ளர் ஒரு கிண்ணம் வைத்துக் கொடுத்தாள்.

5

மேரிபெத் சிறைக்குப் போய் ரோடரிக்கிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாளே அவன் வீட்டுக்குப் போன் போட்டான்.

"அம்மா, நீ என்னை அடிச்சியாமே."

"ஆமா."

"எப்போ?"

"நீ தூங்கும்போது."

இரண்டு பக்கமும் சிரிப்பு. சிறைப் போனில் அதற்கும் நிமிடக் கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருந்தது, போகட்டும் என்று சிரித்தார்கள். பிறகு ரோடரிக் சொன்னான்:

"அதச் சொல்லாத. அந்த வீட்ல நான் இருந்தத நெனச்சுக்கிட்டுதான் இங்க தூங்கறேன். எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதப் போய் மாத்தாத."

ஏர்லீன் சரி என்றாள். அவள் சரி என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

6

ஹோபர்ட்டின் மகளை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது. ஜானெல் என்று பெயர் வைத்தேன். அவளுக்கும் ஒரு நல்ல அப்பா இருந்தார். தூண்டிலோடு வரும் பொடிசுகளுக்குப் புழு டப்பாவைச் சும்மா கொடுத்தனுப்புகிறவர். அவளைக் கதறவைத்து ஒரு பத்தி எழுதினேன். மன்னிக்கவைத்து ஒரு பத்தி எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். என் கதை நல்லபடியாக முடிய வேண்டும் என்பதற்காக அவள் மன்னிக்க வேண்டியதில்லை.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். மூன்று கைகள் உயர்கின்றன, ஏர்லீன் மேரிபெத்தைக் கட்டிக்கொள்கி— இனிப்பு தூக்கல். மூன்று கைகள் உயரவில்லை, ஏர்லீன் தனியாகக் காரோட்டி— இதை எழுத எனக்கு மனசில்லை.

கர்ட்டிஸ் பிழைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பிள்ளை, பிழைத்துப்போகட்டும். ஒரே கடை, ஒரே துப்பாக்கி. பட்ட பாட்டுக்கு ரசீது காட்ட முடிந்தவன் இருக்கிறான், காட்ட முடியாதவன் போகிறான் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

7

எழுத ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது ஏர்லீனே என்னிடம் வந்துவிட்டாள். [பாத்திரம் வந்து பேசுவது பழைய தந்திரம். அவளிடம் சொன்னேன். "நான் சும்மா ஒண்ணும் வரல" என்றாள்.]

"கோர்ட்டு, சத்தியம் எல்லாம் மேரிபெத்துக்கு. உனக்கென்ன வந்துச்சு? நான் அடிச்சேன்னு ஒரு வரி எழுதினீன்னா அது பொய்யே இல்ல. நெசமாவே அடிச்சவளா ஆயிருவேன்."

"ரோடரிக் அந்த வீட்ட நெனச்சுதான் தூங்கறாராமே."

"தூங்க வேணாம். முழிச்சுக்கிட்டு உசிரோட இருக்கட்டும். எழுதும்மா."

நியாயம்தான். எழுதினேன்: "அவனுக்கு எட்டு வயது. ஏர்லீன் வயரை எடுத்தாள். அவன் சுவரோரமாகப் போய் நின்று—"

என் கை ஓடவில்லை. எழுதுகிறவள் பாத்திரத்தின் மேல் இப்படி ஆசை வைக்கக் கூடாது. வைத்தாயிற்று. அவளுடைய பீச் கோப்ளரையும் வாயையும் தொப்பியையும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஏர்லீன் அந்தப் பாதி வரியை வாசித்துவிட்டு, "உன்னால ஆகாது, போ. நானே பாத்துக்கறேன்" என்றாள்.

8

கருணை மனு விசாரணை நாள். கைதியைச் சிறையிலிருந்து திரையில் காட்டுகிறார்கள். ரோடரிக் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறான். இந்தப் பக்கம் மேரிபெத். அந்தப் பக்கம் ஜானெல், அப்பாவின் போட்டோவை மார்போடு அணைத்தபடி. வாரியத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு பாதிரியார், மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர், செவிலியர் ஒருத்தி. இரண்டு பேர் சரி என்பார்கள், இரண்டு பேர் கூடாது என்பார்கள், அதுவரை எழுதிவிட்டேன். ஐந்தாவது நாற்காலியில் யாரை வைப்பது என்று பல நாள் யோசித்து, காலியாக விட்டிருக்கிறேன். வாருங்கள், உட்காருங்கள்.

படம் ஓடி முடிந்தது. மேரிபெத் உண்மையைத்தான் காட்டினாள். ஆகவே அதில் ஒருத்தருக்கும் கண் கலங்கவில்லை. ஏர்லீன் மைக்குக்கு முன்னால் வந்து நிற்கிறாள். கேள்வி கேட்கிற முறை உங்களுடையது. இரக்கப்படுவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று நீங்களும் தேடுகிறீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. கேட்டும் விடுகிறீர்கள்:

"ஏம்மா, உங்க பையன நீங்க எப்பவாவது அடிச்சிருக்கீங்களா?"

திரையில் ரோடரிக் மெல்லத் தலையை ஆட்டுகிறான், வேண்டாம் என்று. ஏர்லீன் அவனைப் பார்க்கிறாள். பிறகு உங்களைப் பார்க்கிறாள்.

"நான் என்ன சொன்னா அவன விடுவீங்க? அதச் சொல்றேன்."