நின்ற இடத்தில் நடை

வேலை விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது படிக்கட்டைத்தான். கேட்டுக்குள் நுழைந்து, பையைக்கூடக் கை மாற்றாமல், அண்ணாந்து மூன்று மாடி வளைவுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். கம்பிகளுக்கு நடுவில் ஒரு கால் தெரிகிறதா, கழன்று விழுந்த செருப்பு தெரிகிறதா என்று. ஒன்றும் இல்லையென்றால்தான் மூச்சே வரும். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் திரும்புவதற்கு முன்னால் அந்த மூச்சு மறுபடி நின்றுபோகும். கதவைத் திறந்தால் மனுஷன் சோபாவில் உட்கார்ந்து டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்திருப்பார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி வர?" என்பார். எனக்கு அழுகையும் வரும், நாலு அறை விடலாம் போலவும் இருக்கும்.

நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனியில் காலர் பிரிவில் இருக்கிறேன். மெஷினில் உட்காரும்போது போனை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். நான் வைத்துக்கொள்வேன். "இந்த வயசுல யாருக்கா உங்களுக்குப் போன் பண்ணப் போறாங்க?" என்று பக்கத்து மெஷின்காரி கிண்டல் செய்வாள். அவளோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். ஆனால் போன் அதிர்ந்தால் ஊசி என் விரலுக்குள் இறங்கினாலும் தெரியாது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் அவருக்குப் பெயரே பட்டாளம்தான். வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டை அகற்றப் போன இடத்தில் அது அவருடைய இடதுபக்கம் வெடித்தது. உயிர் தப்பியது, இடது காது போய்விட்டது. அதை வேலையில் வந்த ஊனம் என்று அப்போதே ஒப்புக்கொண்டார்கள். அதில் சண்டை எதுவும் இல்லை. சண்டையெல்லாம் பின்னால் வந்த தலைசுற்றலுக்கு. வெளிச்சத்தில் கண் திறந்திருந்தால் நன்றாகத்தான் நடப்பார். இருட்டில், இல்லை கண்ணை மூடினால், இல்லை சட்டென்று தலையைத் திருப்பினால், தரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடியவர் குளியலறையில் விழுந்து புருவம் கிழிந்தது. அன்றிலிருந்து ஸ்டூலில் உட்காரவைத்து நான்தான் தலைக்குத் தேய்த்துவிடுகிறேன். ராத்திரி விளக்கு எரிந்தபடியே தூங்குகிறோம். கரண்டு போனால் முதலில் "அசையாதீங்க!" என்று கத்திவிட்டு, பிறகுதான் தீப்பெட்டியைத் தேடுவேன்.

போன குளிரில் அடுப்புப் பக்கம் சாய்ந்துவிட்டார். ஸ்வெட்டர் கை பற்றிக்கொண்டது. அப்போது நான் வீட்டில் இருந்தேன். இல்லாமல் இருந்திருந்தால் என்கிற நினைப்பை மட்டும் என்னால் முழுதாக நினைத்து முடிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

தலைசுற்றல் அந்தக் காதால்தான் வந்தது என்று ஒப்புக்கொண்டால், பட்டாளத்து ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று இருக்கும் பயிற்சியில் சேர்ப்பார்கள். நான் இல்லாத நேரத்தில் துணைக்கு ஒரு ஆள் அனுப்புவார்கள். அதற்குத்தான் மனு போட்டோம். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு முகமெல்லாம் பல்லாக இவர் வந்தார்.

"பாஸ்!" என்றார்.

"என்னது பாஸு?"

"கண்ண மூடி நிக்கச் சொன்னாரு டாக்டரு. நின்னேன்ல. பின்னாடி மேஜை இருந்துச்சு. சுண்டு விரல அதுல லேசா வச்சுக்கிட்டேன். அவரு குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தாரு, பாக்கவே இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வராந்தாவே இரண்டாகத் தெரிந்தது. "அட என் மனுஷா, அது ஃபெயில் ஆக வேண்டிய பரீட்சை" என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. மெடிக்கல் என்றால் தேறுவதற்கு என்றுதான் பதினெட்டு வயதிலிருந்து அவருக்குத் தெரியும். தேறாதவனை ரயிலேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவனைப் பற்றி மற்றவர்கள் பேசியது எல்லாம் அவர் காதில் இன்னும் இருக்கிறது, நல்ல காதிலும் கெட்ட காதிலும்.

பதில் வந்தது. பரிசோதனையில் நிலையாக நின்றார், தமக்குக் குறை ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னார், எனவே மறுக்கப்படுகிறது. குறை இல்லை என்று எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன். "எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. நல்லா இருக்கேன் சார்னேன். வேற என்ன சொல்றது?" என்றார்.

முன்னாள் வீரர்கள் சங்கத்தில் மேல்முறையீடு எழுதித்தர ஒருவர் இருக்கிறார், என் வீட்டுக்காரரின் படைப்பிரிவிலேயே கிளார்க்காக இருந்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "எல்லாப் பயலும் இதேதான்மா. ஒரு கால் இல்லாதவன் 'ஓடட்டுமா சார்'னு கேட்டான் ஒருதடவ." காது டாக்டர் ஒருவரிடம் கடிதம் வாங்கச் சொன்னார். கேட்பதும் நிற்பதும் காதுக்குள் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஒன்று போனால் மற்றதும் போகலாம் என்று அந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார். மனு மேலே போனது. மறுபடி பரிசோதனை, இந்தத் தடவை மேல்முறையீட்டைக் கேட்கிற குழுவின் முன்னாலேயே, என்று தேதி வந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் மறுபடியும் பாஸ் பண்ணிவிடுவாரோ என்று பயம்.

"நடிக்க வேணாங்க. மறைக்காம இருங்க, அது போதும்" என்றேன், தலை துவட்டிவிட்டுக்கொண்டே.

"விழுந்து காட்டணுமா? நான் என்ன சர்க்கஸா?"

"தினம் எனக்குக் காட்டுறீங்கல்ல?"

துண்டுக்குள் இருந்த தலை கனமாக என் கையில் சாய்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

குழு இருந்தது ஒரு நீளமான அறையில். சுவரெல்லாம் வெளிர் பச்சை, ஒரு படம்கூட இல்லை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், பழைய அதிகாரி என்று அவர் முதுகே சொன்னது. ஒரு பக்கம் பெண் டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். இன்னொரு பக்கம் எழுதுகிறவர். தலைவரைப் பார்த்ததும் இவருடைய குதிகால்கள் டக்கென்று ஒட்டிக்கொண்டன, தாடை மேலே போயிற்று. போச்சுடா என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் தலைவர்.

"நல்லா இருக்கேன் சார்!"

எழுதுகிறவர் எழுதினார். பக்கத்தில் அண்ணன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

டாக்டர் எழுந்து வந்தார். "ஷூவக் கழட்டிட்டு நடுவுல வந்து நில்லுங்க. நான் பின்னாடியே நிக்கிறேன், விழ விடமாட்டேன்." நடு அறையில் மேஜையும் இல்லை, சுவரும் இல்லை. நான் சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் இருந்தேன். அண்ணன் என் பக்கம் குனிந்தார். "என்ன ஆனாலும் தொடாத, கூப்பிடாத. சத்தம் கேட்டா அத வச்சு நின்னுக்குவான். அப்புறம் இது செல்லாதுன்னுடுவாங்க." நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கால் விரல்கள் பத்தும் தரையைப் பிறாண்டுவது போல் மடங்கி நகமெல்லாம் வெளுத்தன. காதோரம் வியர்வை இறங்கியது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நட்டுவைத்த கம்பம். கொஞ்சம் ஆடினார், பல்லைக் கடித்துத் திரும்பி நேரானார். விழுங்க, விழுந்துடுங்க என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். கட்டினவன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, நிஜமாகவே விழுந்து மண்டை உடைந்தால் என்ன செய்வேன் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அவர் விழவில்லை. "சரி" என்றார் டாக்டர். எழுதுகிறவர் மறுபடி குனிந்தார். தீர்ந்தது என்று நினைத்தேன். இனி சாகும்வரை அந்தப் படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டர். "கண்ண மூடியே இருங்க. நின்ன இடத்துலயே காலைத் தூக்கித் தூக்கி நடங்க. நான் சொல்ற வரைக்கும்."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "மார்க் டைமா மேடம்? புதுப் பசங்களுக்கு நாந்தான் அத சொல்லிக் குடுத்தேன்."

ஆரம்பித்தார். முழங்கால் இடுப்பு உயரம் வந்து இறங்கியது. லெஃப்ட், ரைட் என்று வாய்க்குள் முணுமுணுப்பு. அவ்வளவு அழகாக அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. தலைவரின் விரல் மேஜையில் தன்னை அறியாமல் தாளம் போட்டது.

முதலில் எனக்கும் தெரியவில்லை. தலைவரை நேராகப் பார்த்திருந்த அவருடைய மூக்கு, எழுதுகிறவர் பக்கம் வந்திருந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம். முதுகு விறைப்பு, கை இறுக்கம், தாளம் எதிலும் ஒரு குறையும் இல்லை. ஆள் மட்டும் காது போன இடதுபக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தார், யாரோ தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்புவது போல. டாக்டர் இரண்டு கைகளையும் விரித்தபடி சத்தமில்லாமல் கூடவே சுற்றி வந்தார். தலைவரின் விரல் நின்றுவிட்டது. அறையில் வெறுங்கால் சத்தம் மட்டும்தான். இப்போது அவர் என்னை நோக்கி இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தார். அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்துவிடுமோ என்று நான் நாற்காலியோடு சுருங்கினேன். கூப்பிட வாயெடுத்தேன். அண்ணன் என் தோளை அழுத்தினார்.

"போதும்" என்றார் டாக்டர்.

குதிகால்கள் ஒட்டின. அவர் எனக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கண்ணை மூடியபடி விறைத்து நின்றார். மூச்சு என் முகத்தில் பட்டது. நெற்றி முழுக்க வியர்வை. உதட்டில், கல்யாணமான புதிதில் பார்த்த பெருமை. கை உயர்ந்து நெற்றிக்குப் போனது.

"ஒரு இன்ச் நகரல, சார்!" என்றார் என்னிடம்.

அவருக்குப் பின்னால் எழுதுகிறவரின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. அவர் சல்யூட்டை இறக்காமல் அதிகாரியின் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு இப்போது வேறு எதற்கும் பயமில்லை. அவர் கண்ணைத் திறக்கப்போவதுதான் பயமாக இருந்தது. இமைகள் லேசாகத் துடித்தன.